முப்பத்தாறாவது கிலோமீட்டர்

நவம்பர் 9, ஞாயிறு

ஓட்டக் குழுவில் எல்லோரையும் பயிற்சிக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், முழங்கால் எப்படி, வயிறு எப்படி. மில்லில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் லாக் புக் எழுதுகிறவனுக்கு இது பெரிய வேலையில்லை. மனைவி சுகந்தி பழைய டைரி ஒன்றைக் கொடுத்தாள். தேதிகளை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

டிசம்பர் 14, குழு நடத்துகிற கோத்தகிரி மலையோட்டம், ஐம்பது கிலோமீட்டர். பதிவு செய்தாகிவிட்டது. நான் செய்யவில்லை. மச்சினன் நவநீதன் செய்துவிட்டுப் போனில் சொன்னான். "போன வருசம் ரெண்டு பேரும் போனோம். இந்த வருசம் எனக்கும் சேர்த்து நீங்க ஓடுங்க மாமா" என்றான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். அகப்படவில்லை.

போன வருடம் நடந்ததைக் குழுவில் எல்லோரும் அறிவார்கள். இருந்தாலும் குறிப்பு என்றால் முழுதாக இருக்க வேண்டும். நல்ல மழை. முப்பத்துநான்காவது கிலோமீட்டரில், சோலைக்காட்டுக்குள் ஓடைக்கு இறங்குகிற இடத்தில் நவநீதன் வழுக்கி விழுந்தான். வலது கணுக்கால் முறிந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. "நீங்க போய் அடுத்த டென்ட்ல சொல்லுங்க மாமா" என்றான். நான் போனேன். உதவி அவனிடம் வந்து சேர நாலு மணி நேரம் ஆனது. மழையில், குளிரில், அசைய முடியாமல் கிடந்தான். அப்புறம் நுரையீரலில் சளி கட்டி, கோயம்புத்தூரில் பதினோரு நாள் ஆஸ்பத்திரி. காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். இனி ஓட முடியாது.

முப்பத்தாறாவது கிலோமீட்டரில் தண்ணீரும் காபியும் கொடுக்கிற டென்டில் தன்னார்வலராக இருந்த டீச்சர் தகவலைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை என்று குழு முடிவு செய்தது.

இன்று 12 கி.மீ. காரமடையிலிருந்து கிழக்கே, மண்பாதை. 1 மணி 21 நிமிடம். முழங்கால் பரவாயில்லை.

நவம்பர் 12, புதன்

ஷிப்டுக்கு முன் 8 கி.மீ. பனி. விசேஷம் ஒன்றுமில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

28 கி.மீ. கல்லாறு வரை போய்த் திரும்பினேன். நவநீதன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தான். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னால் போய் நின்று தண்ணீரும் கடலைமிட்டாயும் கொடுத்தான். ஸ்கூட்டரை நிறுத்தும்போது வலது காலை ஊன்ற மாட்டான். இடது பக்கமாகச் சாய்த்து நிறுத்துவான். ஒரு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் கண் அங்கேதான் போகிறது.

அவனுக்கு முப்பத்துமூன்று வயது. எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வருட வித்தியாசம். என்னை ஓட்டத்துக்கு இழுத்து வந்தவனே அவன்தான். முதல் இரண்டு வருடமும் கோத்தகிரியில் நேரத்துக்குள் வர முடியாமல் பாதியில் என்னை இறக்கி ஜீப்பில் ஏற்றினார்கள். மூன்றாவது வருடம், அதாவது போன வருடம், "நான் உங்ககூடவே வர்றேன், இந்தத் தடவ முடிச்சே ஆகணும்" என்று தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு என்னோடு வந்தான். அவன் மட்டும் ஓடியிருந்தால் அந்த ஓடையை மழை பலமாகும் முன்பே தாண்டியிருப்பான்.

திரும்பும்போது டீக்கடையில் உட்கார்ந்தோம். அந்த டீச்சரைப் பற்றிப் பேசினான். அவன் குழுவுக்கு எழுதிய புகார்க் கடிதத்துக்குப் பிறகு அவரே விலகிக்கொண்டாராம். ஒன்பது வருடமாகத் தன்னார்வலராக வந்தவராம். "ஒரு வார்த்த, மாமா. வாக்கி-டாக்கி எடுக்கலைன்னா ஒரு ஆளையாவது அனுப்பியிருக்கலாம்ல" என்றான்.

டீயில் சர்க்கரை அதிகம். குதிகாலில் சின்னக் கொப்புளம்.

நவம்பர் 19, புதன்

மில்லில் ஒரு தகராறு. இரண்டாம் ஷிப்டு ஃபிட்டர், ஸ்பின்னிங் மெஷின் பேரிங் சூடாவதைக் கவனித்திருக்கிறான். அடுத்த ஷிப்டில் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டான். விடிவதற்குள் பேரிங் கருகிவிட்டது. யாருக்கும் காயமில்லை. மேனேஜர் அவனுக்கு மெமோ எழுதச் சொன்னார். "தெரிந்திருந்தும் தகவல் தெரிவிக்காமல்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. மத்தியானம் வரை அந்தத் தாள் மேஜையில் கிடந்தது. கடைசியில் வேறொரு சூப்பர்வைசரை எழுதச் சொல்லிவிட்டேன். தலைவலி என்று சொன்னேன்.

ஓடவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

விடாத மழை. சேற்றில் பழக வேண்டும் என்று பாக்குத்தோப்பு வழியாக 24 கி.மீ. ஓடினேன். ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு எட்டுக்கும் ஷூவைச் சேற்றிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. ஈரக் களிமண் அடியில் ஒட்டி, ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடிவிடுகிறது. இறக்கத்தில் காலைப் பக்கவாட்டில் வைத்து இறங்க வேண்டும். போன வருடம் அதைச் சொல்லிக்கொடுத்தவன் நவநீதன்.

வீட்டுக்கு வந்து ஷூவை வாசல் குழாயில் கழுவிக்கொண்டிருந்தேன். சுகந்தி துணியெடுக்க வந்தவள் நின்றாள்.

"ஏனுங்க, அந்த டீச்சர்கிட்ட நீங்க சொன்னப்ப அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

ஒரு வருடத்தில் இதைக் கேட்டது அவள் ஒருத்திதான். தலையாட்டினார் என்று சொன்னேன். "வெறும் தலைய மட்டுமா?" என்றாள். ஆமாம் என்றேன். துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மதியம் ரசமும் அப்பளமும்.

நவம்பர் 26, புதன்

6 கி.மீ. மூச்சு வாங்கியது. காரணம் தெரியவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

குழுவிலிருந்து வாட்ஸ்அப்பில் வரைபடம் வந்தது. பாதை போன வருடத்தினுடையதே. ஓடைக்கு மட்டும் கயிறு கட்டுகிறார்களாம். டென்டுகளின் பொறுப்பாளர் பட்டியலும் வந்தது. மூன்றாவது டென்ட், முப்பத்தாறாவது கிலோமீட்டர்: ஹெலன் புஷ்பம். அதே டீச்சர்.

பத்து நிமிடத்தில் நவநீதன் போன் செய்தான். ஆள் பற்றாக்குறையாம், அதனால் கூப்பிட்டார்களாம். வேறு டென்ட் தருகிறோம் என்றார்களாம். அவர்தான் அதே டென்ட் வேண்டும் என்று கேட்டு வாங்கினாராம். "என்ன தைரியம் பாருங்க" என்றான். பிறகு, தானும் வருவதாகச் சொன்னான். குழுவின் ஜீப்பில் மூன்றாவது டென்டுக்குப் போய், அவரை நேருக்கு நேர் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம்.

உனக்கு மழையில் உட்காருவது ஆகாது, டாக்டர் சொன்னது மறந்துவிட்டதா என்று சொல்லிப் பார்த்தேன். ஸ்வெட்டர் போட்டுக்கொள்வதாகச் சொன்னான்.

இன்று 32 கி.மீ. ஓட வேண்டியது. 15-இல் நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 3, புதன்

நீலகிரிக்குக் கனமழை எச்சரிக்கை. ஓட்டம் ரத்தாகுமா என்று செய்தி வருகிறதா எனப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதியம் அறிவித்துவிட்டார்கள்: மழை பெய்தாலும் ஓட்டம் உண்டு.

டிசம்பர் 7, ஞாயிறு

சுகந்தி கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறாள். வீட்டில் நான் மட்டும். இதை எழுதிவிடுகிறேன். எழுதிவிட்டு வேண்டுமானால் கிழித்துக்கொள்ளலாம்.

நான் டென்டில் சொல்லவில்லை.

நவநீதனை விட்டுக் கிளம்பும்போது மணி ஒன்றேகால். ஓடையிலிருந்து ஏறி, சோலையை விட்டு வெளியே வந்து, தேயிலைத் தோட்டத்தின் ஓரமாகவே போனால் டென்ட். இரண்டு கிலோமீட்டர். சேற்றில் அரைமணிக்கு மேல் ஆனது. ஏறும்போதெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் ஏறினேன். ஓடை, வலது கால், முறிவு. அதில் சந்தேகமில்லை.

டென்டுக்கு வந்தபோது மணி 1:48. இரண்டு மணிக்கு அங்கே அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்கள் மேலே போக முடியாது. பன்னிரண்டு நிமிடம் மிச்சம். முந்தைய இரண்டு வருடமும் அந்த இடத்தில்தான் என்னை நிறுத்தினார்கள். ஓட்டத்துக்கு ஒரு விதி உண்டு. யாராவது அடிபட்டதாகச் சொல்கிறவர், மீட்பு ஆட்கள் வரும்வரை அங்கேயே இருந்து இடத்தைக் காட்ட வேண்டும். முந்தைய நாள் கூட்டத்தில் மைக்கில் சொன்னார்கள். அந்த நேரத்தில் அது ஞாபகம் வந்தது.

டீச்சர் மழைக்கோட்டோடு நின்றிருந்தார். என் நம்பரை எழுதிக்கொண்டு கருப்பட்டிக் காபி கொடுத்தார். தார்ப்பாயில் மழை கொட்டுகிற சத்தம். "பின்னாடி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"வர்றாங்க" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். காபியைக் குடித்து முடித்தேன். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். ஓடினேன்.

ஓடும்போது என்னென்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் மெதுவாக ஏறி வந்துவிடுவான். வரவில்லை என்றால் அவர்களே தேடுவார்கள். தேடத்தான் செய்தார்கள். ஆனால் இரண்டாவது டென்டுக்குத் திரும்பிப் போயிருப்பான் என்று நினைத்து அந்தப் பக்கமிருந்து தேடினார்கள். நான் 4:51-க்கு முடித்தேன். கழுத்தில் பதக்கம் போட்டுவிட்டு, உங்களோடு வந்தவர் எங்கே என்று கேட்டார்கள். ஓடையில் விழுந்துவிட்டான் என்றேன். அடுத்த வாக்கியம் தானாக வந்தது: மூன்றாவது டென்டில் சொல்லிவிட்டேனே. எனக்கே என் குரல் உண்மை போலக் கேட்டது.

அப்புறம் அரைமணியில் அவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 1:48-க்குச் சொல்லியிருந்தாலும் அதே அரைமணிதான் ஆகியிருக்கும்.

கிழிக்கவில்லை.

டிசம்பர் 10, புதன்

5 கி.மீ. மெதுவாக. சுகந்தி எதுவும் கேட்கவில்லை. டைரி வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

டிசம்பர் 13, சனி. கோத்தகிரி

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் லாட்ஜ். நவநீதனும் நானும் ஒரே அறை. மதியம் நம்பர் அட்டை வாங்கினோம். எனக்கு 117. டிஷர்ட், நான்கு ஊக்கு, ஒரு பாக்கெட் பேரீச்சை. குளிர் ஒன்பது டிகிரி என்றார்கள். மூடுபனியில் எதிர்க்கடைப் பலகை தெரியவில்லை.

என் பையை அவன்தான் அடுக்கினான். மாற்று சாக்ஸ், அட்டைப்பூச்சிக்குப் புகையிலைத் தூளும் எண்ணெயும், விசில். விசிலைப் பையின் தோள்பட்டையில் கட்டினான். "போன வருசம் எங்கிட்ட இது இல்ல" என்றான். அப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். குழு ஆட்கள் வந்து ஜீப் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சொன்னார்கள். நான் திறந்த வாயால் கொட்டாவி விட்டேன்.

டிசம்பர் 15, திங்கள். வீடு

நேற்று எழுத முடியவில்லை. லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு விசில். நூற்றிநாற்பது பேர். முதல் பத்து கிலோமீட்டர் தேயிலைத் தோட்டத்துக்கு இடையே ஜீப் பாதை. மழை தூறலாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வாரம் பெய்ததில் பாதை கூழாகிக் கிடந்தது. முன்னால் போனவர்கள் மிதித்து மிதித்து, பின்னால் வருகிறவர்களுக்கு முழங்கால் வரை சேறு. ஒரு பெண்ணின் ஷூ உள்ளே மாட்டிக்கொண்டு, இரண்டு பேர் கையை விட்டுத் தேடினார்கள். சிரித்துக்கொண்டேதான் தேடினார்கள். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நானும் இருபது கிலோமீட்டர் வரை அப்படித்தான் இருந்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். உடம்பு சூடாகி, மூச்சு ஒரு தாளத்துக்கு வந்து, எதிரில் இருக்கிற அடுத்த அடி மட்டும் கண்ணில் பட்டது. வேறெதுவும் இல்லாமல் இருந்தேன்.

இரண்டாவது டென்டுக்குப் பிறகு சோலைக்காடு. வெளிச்சம் குறைந்தது. வேர்களெல்லாம் பாசி பிடித்து வழவழவென்று இருந்தன. நான்கு முறை விழுந்தேன். ஒருமுறை கையை ஊன்றியதில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஓடை இறக்கத்தில் புதுக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றைப் பிடித்து இறங்கினேன். அந்தப் பாறை அங்கேயே இருந்தது. நிற்கவில்லை. தண்ணீரில் இறங்கி ஏறிவிட்டேன்.

மணி ஒன்றரைக்கு டென்ட் தெரிந்தது. போன வருடத்தைவிட வேகம். உள்ளே இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஹெலன் டீச்சர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மடியில் நோட்டு. எதிரில் நவநீதன், வலது காலை நீட்டியபடி. அவர்கள் வெகுநேரமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது பார்த்ததும் தெரிந்தது. கோபமாகப் பேசிக்கொண்டது போலவும் தெரியவில்லை.

டீச்சர் எழுந்து, "நூத்திப் பதினேழு, ஒண்ணு முப்பத்திரெண்டு" என்று சொல்லி எழுதிக்கொண்டார். காபி ஊற்றினார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நவநீதன்தான் பேசினான்.

"மாமா, நீங்க போன வருசம் 'வர்றாங்க'ன்னு மட்டும்தான் சொன்னீங்கன்னு இவங்க சொல்றாங்க. இல்லைங்க, எங்க மாமா அப்படிப்பட்ட ஆளில்லைன்னு நான் சொன்னேன். நீங்களே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. உங்களுக்கு டைம் இருக்கு."

டம்ளர் கையைச் சுட்டது. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் சொன்னேன் என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாம். அவன் நம்பியிருப்பான். அவன் முகத்தில் அது இருந்தது, நம்பத் தயாராக. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

"அவங்க சொல்றதுதான் சரி. நான் சொல்லல" என்றேன்.

அவன் புரியாதது போலப் பார்த்தான். "சொல்ல மறந்துட்டீங்களா?" என்று கேட்டான். அதிலும் எனக்கு ஒரு வழியை வைத்துக் கேட்டான்.

"மறக்கல நவநீதா. சொன்னா என்னை நிறுத்தி வெச்சுருவாங்கன்னு சொல்லல."

அவன் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தான். அவனால் சட்டென்று எழ முடியாது, இரண்டு தவணையாகத்தான் எழுவான். நான் கை நீட்டவில்லை. நீட்டியிருந்தாலும் பிடித்திருக்க மாட்டான். டென்டை விட்டு இறங்கி, மழையில், ஜீப் நிற்கிற பக்கம் நடந்து போனான்.

டீச்சர் உட்கார்ந்துவிட்டார். பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நீங்க 'வர்றாங்க'ன்னு சொன்னதாத்தான் எனக்கு ஞாபகம். ஆனா எல்லாரும் இல்லைன்னாங்க. மழைச் சத்தத்துல 'விழுந்துட்டாங்க'ன்னு நீங்க சொன்னது என் காதுல மாறி விழுந்திருக்குமோன்னு நினைச்சேன். பிப்ரவரியில கோயம்புத்தூர் போய்க் காது டெஸ்ட் பண்ணிக்கிட்டேன். நல்லா இருக்குன்னாங்க. அப்பவும் நம்பிக்கை வரல. கிளாஸ்ல பிள்ளைங்க ஏதாவது சொன்னா ரெண்டாவது தடவை சொல்லச் சொல்லுவேன். ஒரு வருஷமா அப்படித்தான் இருக்கேன்."

மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். இடுப்பிலிருந்து வாக்கி-டாக்கியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எங்கிட்ட வேண்டாம். இதுல சொல்லுங்க. எல்லா டென்டுலயும் கேக்கும்."

பொத்தானை அழுத்தினேன். விரல் விறைத்திருந்ததால் இரண்டு முறை நழுவியது. மூன்றாம் டென்டிலிருந்து நூற்றிப்பதினேழு பேசுகிறேன் என்று சொன்னேன். பெயரையும் சொன்னேன். போன வருடம் விபத்து நடந்ததை நான் இந்த டென்டில் சொல்லவே இல்லை, ஹெலன் டீச்சர் மேல் எந்தத் தவறும் இல்லை, குழுவிடம் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். விரலை எடுத்தேன். இரைச்சல்தான் வந்தது. பிறகு யாரோ, "கேட்டுச்சு" என்றார்கள். அவ்வளவுதான்.

அதற்குள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். டீச்சர் நம்பர் எழுதினார், காபி கொடுத்தார், பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். பதிலை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி எழுதினார். அவர்கள் போனார்கள். மணி 1:44.

"நான் இங்கயே நிறுத்திக்கறேன்" என்றேன்.

"அது உங்க இஷ்டம். விலகுறவங்க காரணம் எழுதணும். என்ன போடட்டும்?"

உடம்பில் தெம்பு இருந்தது. முடித்திருக்கவும் முடியும். அதை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு நோட்டைத் திருப்பினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஜீப்பில் நவநீதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். நான் பின்னால், காலித் தண்ணீர் கேன்களோடு. லாட்ஜ் வரை முக்கால் மணி நேரம். அறைக்கு வந்து தன் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். நான் அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

சுகந்தியிடம் சொன்னேன். காலையில், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது. முழுதும் கேட்டாள். கீரையை ஆய்வதை மட்டும் நிறுத்தினாள்.

"போன வருசம் நீங்க ஓடுன ஷூவ நாந்தான் கழுவி வெச்சேன். அவன் ஐசியுவுல கிடக்கறான். நான் இங்க வந்து உங்க ஷூவுல இருக்கற சேத்தக் குச்சிய வெச்சு நோண்டிட்டிருந்தேன்" என்றாள்.

பிறகு மீதிக் கீரையை ஆய்ந்தாள். மதியம் அதைத்தான் கடைந்து போட்டாள். டி.வி. பக்கத்தில் தொங்கிய பதக்கத்தைக் காணவில்லை. நான் கேட்கவில்லை.

டிசம்பர் 17, புதன்

குழுவுக்குக் கடிதம் எழுதினேன். முதல் தாளில் 'கடும் மழை காரணமாக' என்று ஆரம்பித்திருந்தேன். கிழித்துவிட்டேன். இரண்டாவதில் 'பதற்றத்தில்' என்று இருந்தது. அதையும் கிழித்தேன். மூன்றாவது ஐந்து வரி. அனுப்பிவிட்டேன். சாயங்காலமே பதில் வந்தது. என்னை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஹெலன் டீச்சரிடம் குழு வருத்தம் தெரிவிப்பதாகக் கீழே ஒரு வரி.

மில்லில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது. கேன்டீனில் வேறு மேஜைக்குப் போனார்கள். அல்லது அங்கே மின்விசிறி இருப்பதால் போயிருக்கலாம்.

டிசம்பர் 18, வியாழன்

நவநீதனுக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. சுகந்தி அவனிடம் தினமும் பேசுகிறாள். அவளிடமும் அவன் என்னைப் பற்றி எதுவும் பேசவில்லையாம்.

டிசம்பர் 20, சனி

முதல் ஷிப்டு முடித்துவிட்டு நேராக அவன் கடைக்குப் போனேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை. ஒரு கிணற்று மோட்டாரைப் பிரித்துப் போட்டு, காயிலுக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். சுற்று எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாது என்பதால் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. நான் வாசலில் நின்றேன். முடித்து, கம்பியை வெட்டி, முனையை முறுக்கினான். ஸ்டூலைக் காட்டினான். உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி தெரியவில்லை. பாதியில், மோட்டாரைப் பார்த்தபடியே பேசினான்.

"நீங்க போயி ஒரு மணி நேரம் ஆகியும் யாரும் வரல. டென்ட் ரெண்டு கிலோமீட்டர்னு எனக்குத் தெரியும். அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா மாமா? நீங்களும் எங்கயோ விழுந்துட்டீங்கன்னு நெனச்சேன். இல்லைன்னா இந்நேரம் ஆள் வந்திருக்கணுமே. மேட்டுல எங்கயோ தலையில அடிபட்டு, பேச்சு மூச்சில்லாம கெடக்கறீங்கன்னு. அக்காவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு. கைய ஊனி ஏறிப் பார்த்தேன். முடியல. அப்புறம் கத்துனேன். எனக்காகக் கத்தலீங்க மாமா. உங்க பேரச் சொல்லித்தான் கத்துனேன், உங்களுக்குக் கேக்கட்டும்னு. தொண்டை கட்டற வரைக்கும்."

அவன் கட்டரைக் கீழே வைத்தான்.

"கண்டுபிடிச்சவங்ககிட்ட முதல்ல அதத்தான் கேட்டேன். எங்க மாமா எங்கன்னு. அவரு முடிச்சிட்டாருங்கன்னாங்க. அப்பாடான்னு இருந்துச்சு."

அடுத்த காயிலைச் சுற்ற ஆரம்பித்தான். அவன் போகச் சொல்லாததால் நானும் போகவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து தன் மோட்டார் என்ன ஆயிற்று என்று கேட்டார். திங்கட்கிழமை வரச் சொன்னான். யார் இவர் என்பது போல அவர் என்னைப் பார்த்தார். நவநீதன் சொல்லவில்லை.

ஆறு மணிக்கு விளக்கை அணைத்தான். வாசலில் நின்று ஷட்டரைப் பார்த்தான். மேலே சுருண்டிருந்த அதை இழுத்துத் தரைவரை கொண்டுவர, குனிந்து குந்த வேண்டும். தினமும் பக்கத்துக் கடைக்காரர் வந்து இழுத்துவிடுவார் என்று சுகந்தி சொல்லியிருக்கிறாள். அவர் கடை இன்று பூட்டியிருந்தது. நவநீதன் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் எழுந்து போய் இழுத்தேன். பாதியில் சிக்கியது. இரண்டு கையாலும் அழுத்தி, குந்தி உட்கார்ந்து தரை தட்டும்வரை இறக்கிவிட்டு, பூட்டுக்காகக் கையை நீட்டினேன்.

அவன் பூட்டைக் கொடுக்கவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, நீட்டிய காலோடு மெதுவாகத் தரையில் இறங்கி உட்கார்ந்து, அவனே பூட்டினான். பிறகு எழுந்துகொள்ள என் தோளைப் பிடித்தான். எழுந்ததும் கையை எடுத்துவிட்டான்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான். நான் பஸ்ஸில் வந்தேன்.

கடையில் என்ன ஆயிற்று என்று சுகந்தி கேட்டாள். நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.